ஆஷ் மரத்தை வெட்டுவதா, ஊசி போட்டுக் காப்பதா? மரகதத் துளைப்பான் வண்டு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஒரிகன் மாநிலத்தில் பீவர்டன் பக்கம் வீடு. வாசலில் இரண்டு பெரிய ஆஷ் மரங்கள், பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. ஒரு நிறுவனம் "வண்டு வந்துவிட்டது, இப்போதே வெட்டிவிடுங்கள்" என்கிறது. இன்னொரு நிறுவனம் "இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மரத்துக்கு ஊசி போட்டால் போதும்" என்கிறது. யாரை நம்புவது? கூடவே இன்னொரு கேள்வி: இவ்வளவு பணமும் ஆராய்ச்சியும் உள்ள நாட்டில் ஒரு வண்டைத் தடுக்க முடியாமல் போனது எப்படி?

முதலில் நேரடியான பதில். இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. நல்ல நிலையில் இருக்கிற மரத்தை ஊசி மருந்தால் காப்பாற்ற முடியும் என்பது இருபது வருஷமாக அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் அது ஒரு முறை போட்டு மறந்துவிடுகிற தடுப்பூசி இல்லை, மரம் இருக்கிறவரை தொடர வேண்டிய செலவு. அந்தச் செலவுக்குத் தகுதியான மரம் எது என்று முடிவு செய்வதுதான் உங்கள் வேலை. அந்த முடிவை மரம் நன்றாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். மரம் நோய்வாய்ப்பட்டது போலத் தெரிந்த பிறகு எடுக்கிற முடிவுக்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. ஏன் என்பதற்கு உங்கள் இரண்டாவது கேள்வியின் பதில்தான் காரணம், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

இந்த வண்டின் பெயர் எமரால்டு ஆஷ் போரர். அறிவியல் பெயர் அக்ரிலஸ் பிளானிபென்னிஸ். சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒல்லியான உடம்பு, வெயில் பட்டால் மின்னுகிற பச்சை. சிறகை விரித்தால் உள்ளே முதுகு செம்பு நிறத்தில் இருக்கும். சொந்த ஊர் வடகிழக்குச் சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதி. அங்கே இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அந்த ஊர் மஞ்சூரியன் ஆஷ் மரம் இந்த வண்டோடு சேர்ந்தே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து பழகியது, எதிர்ப்புச் சக்தி உண்டு. ஏற்கெனவே வறட்சியில் வாடிப்போன மரத்தைத்தான் வண்டு வீழ்த்தும். வட அமெரிக்க ஆஷ் மரங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. பச்சை ஆஷ், வெள்ளை ஆஷ், கறுப்பு ஆஷ் மூன்றும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தாலும் விழுந்துவிடுகின்றன.

2002 கோடையில் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் அருகே இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவின் வின்ட்சரிலும் கிடைத்தது. அமெரிக்காவில் இருந்த பூச்சியியல் நிபுணர்களுக்கே இதன் பெயர் தெரியவில்லை. மாதிரியை ஸ்லோவாக்கியாவில் இருந்த ஒரு நிபுணருக்கு அனுப்பித்தான் இன்னது என்று உறுதி செய்தார்கள். அதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் ஆஷ் மரங்கள் காய்ந்துகொண்டுதான் இருந்தன. ஆஷ் மஞ்சள் நோய் என்று ஒன்று உண்டு, அதுவாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு செத்த மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோதுதான், 1990களின் தொடக்கத்திலேயே வண்டு வந்து குடியேறிவிட்டது என்று தெரிந்தது. ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டி, மரத்தட்டு போன்றவற்றில் ஒளிந்து வந்திருக்கலாம் என்பதே பொதுவான கணிப்பு. ஏற்றுமதிப் பெட்டி மரத்தின் உட்பகுதியை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும் என்ற சர்வதேச விதி வந்தது 2002இல். அதாவது, திருடன் உள்ளே வந்து பத்து வருஷம் கழித்துக் கதவுக்குப் பூட்டு.

பத்து வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி என்றால், அது வாழ்கிற விதம் அப்படி. பெண் வண்டு பட்டையின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும், சராசரியாக 40 முதல் 70 வரை. முட்டையிலிருந்து வருகிற புழு நேராகப் பட்டையைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்புறம் வெளியில் எந்த அடையாளமும் கிடையாது. மரத்தூள் கொட்டாது, பிசின் வடியாது. உள்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய உயிருள்ள அடுக்கைத் தின்றுகொண்டே இலையுதிர் காலம் வரை நெளிந்து நெளிந்து போகும். தாக்கப்பட்ட மரத்தின் பட்டையை உளியால் நெம்பி எடுத்துப் பார்த்தால், வெளுத்த கட்டையின் மேல் பாம்பு போன தடம் மாதிரி வளைவு வளைவாகப் பள்ளங்கள் இருக்கும். தொடக்கத்தில் நூல் அளவு, புழு வளர வளர அகலமாகிக்கொண்டே போகும். பள்ளம் முழுக்கப் பழுப்பு நிற மாவு இறுகக் கிடக்கும். அதன் முடிவில் தட்டையான வெண்மஞ்சள் புழு, உடம்பின் ஒவ்வொரு கணுவும் மணி வடிவில் இருக்கும்.

இதில் ஆஷ் மரத்துக்கே உரிய ஒரு பலவீனமும் சேர்ந்துகொள்கிறது. வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது பெரும்பாலும் அந்த ஆண்டு உருவான வெளிவளையத்தின் பெரிய குழாய்கள் வழியாகத்தான். உள்ளே இருக்கிற பழைய வளையங்கள் கட்டைக்குப் பலம் தருமே தவிர, தண்ணீர் ஏற்றுவதில் பங்கு குறைவு. புழுவின் பள்ளம் சரியாக அந்த வெளிவளையத்தைக் கீறிக்கொண்டு போகிறது. இலையிலிருந்து கீழே வருகிற உணவும் நின்றுவிடுகிறது, மேலே போகிற தண்ணீரும் நின்றுவிடுகிறது. ஒரு புழுவால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தில் ஒரு சதுர மீட்டர் பட்டையிலிருந்து ஏறக்குறைய 90 வண்டுகள் வரை வெளியே வரும். அத்தனை பள்ளங்கள் ஒன்றோடொன்று சேரும்போது, மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிட்டது போலத்தான்.

இன்னும் மோசமான செய்தி: வண்டு முதலில் தாக்குவது உச்சிக் கிளைகளை. நீங்கள் தரையில் நின்று பார்க்கும் உயரத்தில் துளை தெரியும்போது, மேலே அது இரண்டு, மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்து முடித்திருக்கும். ஒரு ஊரில் முதல் வண்டைக் கண்டுபிடிக்கும் நாள் அது வந்த நாள் அல்ல, அது வந்து பல வருஷம் ஆன நாள். ஒழிப்பு முயற்சிகள் எல்லாம் தோற்றது இந்த இடைவெளியில்தான்.

கனடா செய்த முயற்சியைப் பாருங்கள். 2003-04 குளிர்காலத்தில், ஒன்டாரியோவின் சாத்தம்-கென்ட் பகுதியில் செயின்ட் கிளேர் ஏரியிலிருந்து ஈரி ஏரி வரை சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையாக எல்லா ஆஷ் மரங்களையும் வெட்டித் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் ஏரி, நடுவில் மரமே இல்லாத வெளி, வண்டு தாண்ட முடியாது என்பது திட்டம். யோசனை தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் வண்டு அதற்கு முன்பே அந்தப் பக்கம் போயிருந்தது. 2003இலேயே மிச்சிகன் நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து போன ஆஷ் கன்றுகளோடு அது நூற்றுக்கணக்கான மைல் தாண்டி மேரிலாந்து மாநிலத்துக்குப் போய்விட்டது. வண்டு தானாகப் பறந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த மரங்களுக்குத்தான் போகும். சில பெண் வண்டுகள் சில கிலோமீட்டர் போகும். மாநிலம் விட்டு மாநிலம் தூக்கிக்கொண்டு போனது கன்றும், வெட்டிய கட்டையும், எல்லாவற்றுக்கும் மேலாக விறகும். முகாம் போகிறவர்கள் வண்டியின் பின்னால் நாலு கட்டை விறகைப் போட்டுக்கொண்டு போனதுதான் இந்த வண்டின் நெடுஞ்சாலைப் பயணம். வெட்டிய விறகுக்குள் இருக்கிற புழு அங்கேயே வளர்ந்து அடுத்த கோடையில் வண்டாக வெளியே வரும், சில நேரம் அதற்கு அடுத்த கோடையில்.

"அப்படியானால் எந்த வண்டையுமே ஒழிக்க முடியாதா?" என்று கேட்டால், முடிந்திருக்கிறது. ஆசிய நீள்கொம்பு வண்டு என்று இன்னொன்று இதே மாதிரி சரக்குப் பெட்டியில் வந்தது. சிகாகோவில் 1998இல் கண்டுபிடித்து 2008இல் முற்றாக ஒழித்ததாக அறிவித்தார்கள். டொராண்டோ வட்டாரத்திலும் அது ஒழிக்கப்பட்டது. அந்த வண்டு பெரியது, மந்தமானது, பிறந்த மரத்தைச் சுற்றியே கிடக்கும், விரல் நுழைகிற அளவு வட்டத் துளை போடும், யார் கண்ணிலும் படும். மரகத வண்டு அளவில் சிறியது, உச்சியில் வேலை செய்வது, துளை மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரி பணமும் ஆளும் போட்டாலும் முடிவு ஒன்றாக இருந்திருக்காது.

இதோடு மனிதர் செய்த ஒரு வேலையும் உண்டு. டச்சு எல்ம் நோய் வந்து அமெரிக்க நகரங்களின் எல்ம் மரங்கள் அழிந்தபோது, அந்த இடத்தில் வேகமாக வளரும், உறுதியான, யாருக்கும் தொல்லை தராத மரம் என்று ஆஷைத் தெருத்தெருவாக நட்டார்கள். ஒரே வகை மரம் அழிந்த பாடத்துக்குப் பதிலாக இன்னொரு ஒரே வகை மரம். வண்டுக்குப் பந்தி விரித்து வைத்தது போல ஆனது.

விளைவு, வண்டு கண்டுபிடிக்கப்பட்ட இடங்கள் நீண்டுகொண்டே போயின: 2013இல் கொலராடோவின் போல்டர், 2017இல் கனடாவின் வினிபெக், 2018இல் அதன் கிழக்குக் கோடியான நோவா ஸ்கோஷியா, 2022இல் ஒரிகன், 2024இல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர். கோடிக்கணக்கான மரங்கள் போயின. அமெரிக்க மத்திய அரசு 2021 ஜனவரியில், ஆஷ் கட்டையும் கன்றும் வண்டு உள்ள பகுதியை விட்டு வெளியே போகாமல் தடுத்த தன் தனிமைப்படுத்தல் விதியையே விலக்கிக்கொண்டு, இனி பணத்தை எதிரிப் பூச்சிகளை வளர்ப்பதில் போடுகிறோம் என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. விதி ஒழுகினாலும் அது வாங்கித் தந்த ஒவ்வொரு ஆண்டும் மேற்குக் கரைக்கு லாபம்தான். விதி போனாலும் மாநில அளவிலான கட்டுப்பாடுகள் இன்னும் இருக்கின்றன, ஒரிகனில் உங்கள் வாஷிங்டன் கவுன்டி உட்பட.

ஒரிகன் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 2022 ஜூன் 30ஆம் தேதி, ஃபாரஸ்ட் குரோவ் ஊரில் ஒரு பள்ளியின் வாகன நிறுத்தத்தில், கோடைக்கால முகாமிலிருந்து தன் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த ஒருவர் ஆஷ் மரங்கள் காய்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். அவர் போர்ட்லாந்து நகராட்சியில் வேலை பார்க்கும் உயிரியலாளர். துளையையும் வண்டையும் கண்டு அன்றே தகவல் சொன்னார். மாநிலம் முந்தைய ஆண்டே "வந்தால் என்ன செய்வது" என்ற திட்டத்தை எழுதி வைத்திருந்தது, உள்ளூர் ஆஷ் விதைகளையும் சேகரிக்கத் தொடங்கியிருந்தது. ஆகவே மிச்சிகனுக்குக் கிடைக்காத நேரம் உங்களுக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. பீவர்டன் அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 15 மைல் தூரம்தான். கண்டுபிடித்த இடத்திலிருந்து 10, 15 மைலுக்குள் இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம் என்பது பல்கலைக்கழக நிபுணர்கள் வைத்திருக்கிற பொதுக்கணக்கு. முதலில் கண்டுபிடித்த இடத்தை வைத்துப் பார்த்தாலே அந்த வட்டத்தின் விளிம்பில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, இப்போது உங்கள் வாசல் மரங்களுக்கு வருவோம்.

முதலில் அது ஆஷ்தானா என்று பாருங்கள். விற்பனைக்கு வருகிறவர் சொன்னார் என்பது போதாது. ஆஷில் கிளைகளும் மொட்டுகளும் எதிரெதிராக இரட்டையாக இருக்கும். ஓர் இலைக் காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலைகள் இருக்கும். விதை படகுத் துடுப்பு மாதிரி ஒற்றைச் சிறகோடு கொத்தாகத் தொங்கும், ஆண் மரமாக இருந்தால் விதையே இருக்காது. மவுண்டன் ஆஷ் என்று ஒரு மரம் உண்டு, ஆரஞ்சுச் சிவப்புப் பழக்கொத்து வரும், கிளைகள் மாறி மாறி இருக்கும். அது வேறு குடும்பம், இந்த வண்டு அதைத் தொடாது.

அடுத்து உச்சியைப் பாருங்கள். ஜூலையில், இலை முழுமையாக இருக்கும்போது, தொலைநோக்கி இருந்தால் நல்லது. மேல் மூன்றில் ஒரு பங்கில் இலை மெலிந்து வானம் தெரிகிறதா? அடிமரத்திலிருந்தோ தடித்த கிளையிலிருந்தோ திடீரென்று புதுத் தளிர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கிறதா? குளிர்காலத்தில் மரங்கொத்தி வெளிப்பட்டையைச் செதில் செதிலாக உரித்து, மரம் அங்கங்கே வெளுத்துத் தெரிகிறதா? பல நேரம் மனிதருக்கு முன்னால் மரங்கொத்திதான் கண்டுபிடிக்கிறது. துளையைப் பார்த்தால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் அரைவட்டம், ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருந்தால்தான் அது இந்த வண்டு. முழு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் உள்ளூர்த் துளைப்பான்கள், அவற்றுக்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. வெளியில் எதுவும் தெரியாத மரத்தையும் சோதிக்க ஒரு வழி உண்டு. கனடா வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது: நடு உயரத்திலிருந்து இரண்டு கிளைகளை வெட்டி, அடிப்பக்கம் அரை மீட்டர் நீளத்துக்குப் பட்டையை மெல்லச் சீவிப் பார்ப்பது. பொறியை விட இது நம்பகமானது என்பது என் அபிப்பிராயம். மரத்தில் தொங்கவிடுகிற ஊதாப் பொறியில் வண்டு சிக்கவில்லை என்பதற்கு வண்டு இல்லை என்று அர்த்தம் கிடையாது.

பொறியைப் பற்றிச் சொன்னதால் ஒரு சின்ன விஷயம். அமெரிக்காவின் கிழக்கில் ஓர் உள்ளூர்க் குளவி இருக்கிறது, செர்செரிஸ் ஃபுமிபென்னிஸ். தன் குஞ்சுகளுக்காக இந்த வண்டுக் குடும்பத்தைப் பிடித்து வந்து மண்ணில் சேமிக்கும். பேஸ்பால் மைதானத்தின் மணல்தான் அதற்குப் பிடித்த இடம். தன்னார்வலர்கள் மைதானத்தில் காத்திருந்து, திரும்பி வருகிற குளவியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். சில இடங்களில் துறையின் பொறிகளுக்கு முன்பே அந்தக் குளவி செய்தி சொல்லியிருக்கிறது.

கிளைப்பரப்பில் 30 விழுக்காட்டுக்குக் குறைவாக இழப்பு இருந்தால் மருந்து பலிக்க நல்ல வாய்ப்பு. பாதிக்கு மேல் போயிருந்தால் பணத்தை வீணாக்க வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்: மருந்தை மேலே கொண்டுபோவது தண்ணீர்க் குழாய்கள், அவற்றைப் புழு ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தால் மருந்து உச்சிக்குப் போகவே போகாது. இழப்பு லேசாக இருந்தாலும், ஊசி போட்ட முதல் ஆண்டு மரம் இன்னும் கொஞ்சம் மோசமானது போலத் தோன்றலாம், பழைய காயத்தின் விளைவு அது. இரண்டாவது ஆண்டில்தான் தேறுகிறதா என்று தெரியும்.

மருந்துகளில் நான் முதலில் வைப்பது எமாமெக்டின் பென்சோயேட். அடிமரத்தில், வேர் விரிகிற இடத்தில், சிறு துளைகள் போட்டு அழுத்தத்தில் செலுத்துவார்கள். மிச்சிகன் சோதனைகளில் ஒரு முறை போட்டது இரண்டு கோடைகளுக்குப் புழுக்களை ஏறத்தாழ முழுமையாக ஒழித்தது, தாக்குதல் குறைவான இடங்களில் மூன்றாவது ஆண்டும் நின்றது. இலையைக் கடிக்கிற வண்டும் சாகும், பட்டைக்குள் போகிற புழுவும் சாகும். மே நடுவிலிருந்து ஜூன் வரை, இலை முழுதாக விரிந்த பிறகு, மண்ணில் ஈரம் இருக்கும்போது, காலை வேளையில் போடுவது நல்லது. அப்போதுதான் மரம் தண்ணீரை வேகமாக இழுக்கும். காய்ந்த மண்ணாக இருந்தால் சில நாள் முன்பே நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். கட்டணம் வழக்கமாக மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து அதன்படி வரும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நீங்களே ஒரு நாடாவால் சுற்றளவு எடுத்து 3.14ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிலர் அளக்கிற விட்டம் ஆச்சரியப்படும் அளவுக்குப் பெரியதாக இருக்கும்.

கனடாவில் இதற்கு அஸாடிராக்டின் பயன்படுத்துகிறார்கள். ஆமாம், நம் வேப்பங்கொட்டைச் சத்துதான். அதையும் அடிமரத்தில் ஊசியாகவே போடுவார்கள். வண்டை உடனே கொல்லாது. புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும், அந்த இலையைத் தின்ற வண்டு இடுகிற முட்டை பொரிக்காது. வண்டு குறைவாக இருக்கும் இடத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும், தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போது ஆண்டுதோறும் தேவைப்படும். வேம்பு என்பதாலேயே எமாமெக்டினை விடச் சிறந்தது என்று நினைக்க வேண்டாம், பலம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மரத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும்.

கடையில் வாங்கி வேரில் ஊற்றுகிற இமிடாகுளோபிரிட் ஒன்று இருக்கிறது. மலிவு, சிறிய மரத்துக்கு ஓரளவு வேலை செய்யும், வருஷம் தவறாமல் ஊற்ற வேண்டும். உங்கள் இடத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மண்ணில் ஊற்றும் மருந்தை ஆஷ் மட்டும் குடிப்பதில்லை, பக்கத்துப் பூச்செடியும் குடிக்கும், மழையில் கொஞ்சம் ஓடைக்கும் போகும். 2013 ஜூனில் ஒரிகனின் வில்சன்வில் ஊரில், பூத்திருந்த லிண்டன் மரங்களுக்கு இதே வகையைச் சேர்ந்த டினோடெஃபுரான் தெளித்ததில் சுமார் 50,000 வண்டுத்தேனீக்கள் செத்து வாகன நிறுத்தத்தில் கொட்டிக் கிடந்தன. அதன் பிறகு லிண்டன் மரங்களில் இந்த வகை மருந்துகளைப் பயன்படுத்தவே ஒரிகன் தடை விதித்தது. ஆஷ் காற்றில் மகரந்தம் பரப்பும் மரம், தேனீக்கு அதில் வேலை குறைவு. அடிமர ஊசியாகப் போட்டால் மருந்து மரத்துக்குள்ளேயே இருக்கும்.

இரண்டு மரத்தையும் காக்க வேண்டுமா? கட்டாயமில்லை. வீட்டுக்கு மேற்கில் நின்று வெயிலை மறைக்கிற, நன்றாக வளர்ந்த, காயமில்லாத மரத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குப் போடுங்கள். மின்கம்பிக்கு அடியில் கோணலாக வளர்ந்தது, அடிமரம் பிளந்தது என்றால் அதை விட்டுவிட்டு அந்த இடத்தில் இப்போதே வேறு வகை மரம் நடுங்கள். தெருவில் இன்னும் சில வீட்டுக்காரர்களும் சேர்ந்தால் பலன் கூடும். எல்லா மரத்துக்கும் போடாமல், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு மரங்களுக்கு மட்டும் எமாமெக்டின் போட்டாலே வட்டாரத்து வண்டுகளின் பெருக்கம் வெகுவாகக் குறையும் என்று மிச்சிகன் ஆராய்ச்சியாளர்களின் கணினிக் கணக்கு காட்டியது. வண்டு வந்து முட்டையிடுகிற மரமே அதற்குப் பொறியாகிவிடுகிறது.

"ஆயுள் முழுக்க ஊசியா?" என்ற சலிப்பு நியாயமானது. வண்டின் தாக்குதல் அலை உச்சத்துக்குப் போகும்போதுதான் ஊசியை நெருக்கமான இடைவெளியில் போட வேண்டியிருக்கும். சுற்று வட்டாரத்தில் மருந்து போடாத ஆஷ் எல்லாம் செத்த பிறகு வண்டுக்கு உணவு குறையும், எண்ணிக்கை விழும், ஊசி இடைவெளியை மூன்று ஆண்டாக நீட்டலாம். ஆனால் வண்டு முழுசாகப் போகாது, முளைத்து வரும் இளமரங்களில் கொஞ்சமாவது தங்கியிருக்கும்.

அந்த இளமரங்களுக்காகத்தான் ஒட்டுண்ணிக் குளவிகள். 2007இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த மூன்று வகைகளை மிச்சிகனில் விட்டார்கள். ஊபியஸ் அக்ரிலி என்பது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குளவி, வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். டெட்ராஸ்டிகஸ் பட்டையின் மேல் நின்றுகொண்டே உள்ளே இருக்கிற புழுவைக் குத்தி முட்டை வைக்கும். அது நன்றாகப் பரவியது, ஆனால் முட்டையிடும் ஊசி குட்டை. பட்டை மெல்லியதாக இருக்கிற இளமரத்தில்தான் எட்டும், தடித்த மரத்தில் எட்டாது. மூன்றாவது வகைக்கு வடக்கின் குளிர் ஒத்துவரவில்லை. அதனால் 2015இல் ரஷ்யாவின் தூரக்கிழக்கிலிருந்து ஸ்பாதியஸ் கலினே என்ற குளவிக்கு அனுமதி தந்தார்கள். அதன் ஊசி நீளம், குளிரும் தாங்கும். ஒரிகனிலும் குளவிகளை விடத் தொடங்கியிருக்கிறார்கள். இதனால் உங்கள் வாசல் மரம் பிழைக்காது, அதை யாரும் உறுதியளிக்கவும் இல்லை. மிச்சிகனில் முதல் அலைக்குப் பிறகு முளைத்த கன்றுகள் தாக்குப்பிடித்து வளர்வதில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்பது பதிவாகியிருக்கிறது. காட்டுக்கு அது போதுமான நல்ல செய்தி.

காட்டைச் சொன்னால் ஒரிகன் ஆஷைச் சொல்லாமல் முடியாது. வில்லமெட் பள்ளத்தாக்கின் ஓடைக்கரைகளில், குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்குகிற சேற்றிலும் நிற்கிற முக்கியமான மரம் அது. அதன் நிழலில்தான் ஓடை குளிர்ந்து சால்மன் குஞ்சுக்கு இடம் தருகிறது. அதே இடத்தில் அதே வேலையைச் செய்ய அங்கே வேறு மரம் இல்லை. கிழக்கில் கறுப்பு ஆஷுக்கும் இதே நிலை. அந்தக் கட்டையைத் தட்டித் தட்டி வளையம் வளையமாகப் பிரித்துக் கூடை பின்னுகிற பூர்வகுடிகளின் கைவேலை அந்த ஒரே மரத்தை நம்பி இருக்கிறது. வெட்டிய கட்டைகளை மாதக்கணக்கில் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் புழு செத்துவிடும், கூடைக்கான தரமும் கெடாது என்று அவர்களுடைய பழைய வழக்கத்தை ஒட்டியே ஆராய்ச்சி உறுதி செய்தது. 2017இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வட அமெரிக்க ஆஷ்களில் ஐந்து வகைகளை அழிவின் விளிம்பில் உள்ளவை என்று அறிவித்தது. ஒஹாயோவில் வன ஆராய்ச்சியாளர்கள், எல்லாம் செத்த காட்டில் தனியாகப் பிழைத்து நிற்கிற ஆஷ்களைத் தேடி ஒட்டுக்கட்டி, அவற்றைத் தங்களுக்குள் கலப்புச் செய்து எதிர்ப்புள்ள வகையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பத்தாண்டுக் கணக்கில் நேரம் எடுக்கும் வேலை.

வெட்டுவது என்று முடிவானால் மரம் உயிரோடு இருக்கும்போதே வெட்டுங்கள். செத்த ஆஷ் மிக வேகமாக உலர்ந்து நொறுங்கும், ஏறுகிற ஆளின் எடையைத் தாங்காது. அதனால் பல நிறுவனங்கள் ஏற மறுத்துக் கிரேன் கேட்கும், செலவு கூடும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெட்டினால் வண்டு வெளியே பறக்காத காலம். தெருவோர நிலத்துண்டில் நிற்கிற மரமானால் நகராட்சி அனுமதி வேண்டியிருக்கும், முதலில் கேட்டுவிடுங்கள். கட்டையை ஒரு அங்குலத்துக்குக் குறைவான சில்லுகளாக அரைத்துவிட்டால் புழு பிழைக்காது, அந்தச் சில்லைத் தோட்டத்திலேயே பரப்பலாம். விறகாக வைத்துக்கொண்டால் உங்கள் முற்றத்திலேயே எரியுங்கள். கடற்கரை முகாமுக்கோ மலைக்கோ கொண்டுபோகாதீர்கள், கட்டுப்பாடு உள்ள பகுதிக்கு வெளியே கொண்டுபோவது விதிப்படியும் தவறு.

ஊசி என்று முடிவானால், வருகிறவரிடம் மூன்றே கேள்வி: மருந்தின் மூலப்பெயர் என்ன, ஒரிகன் வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி உரிமம் இருக்கிறதா, போன வருஷங்களில் இதே மருந்து போட்ட மரம் ஒன்றைக் காட்ட முடியுமா. "எங்கள் தனிக் கலவை" என்று மட்டும் சொல்லி மூலப்பெயரைச் சொல்லாதவரை அனுப்பிவிடுங்கள். எழுத்தில் தேதி, அளவு, மரத்தின் விட்டம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி எப்போது என்பதை அந்தக் காகிதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.